செவலையின் வலது கால்

மார்ச் 3, செவ்வாய்

இந்த டைரி என் கணவருக்காக வாங்கியது. ஜனவரியில் நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "சர்க்கரையும் நிறைய இருக்கு. தினமும் காலைல விரலைக் குத்திப் பாத்து எழுதி வைக்கணும்." மிஷின் வாங்கியாயிற்று, டைரியும் வாங்கியாயிற்று. அவர் விரலைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். நாள் முழுக்க ஊசியோடு கிடக்கிற தையல்காரர் இந்த ஊசிக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தாள் வீணாவானேன் என்று நான் எழுதுகிறேன்.

எனக்கு எழுத விஷயம் இருக்கிறது. புறவாசலில் கோழிகள் இருக்கின்றன, குஞ்சுகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே செவலை இருக்கிறான். செவலை என் சேவல். குஞ்சிலிருந்து என் கையில் தின்று வளர்ந்தவன். மாடசாமிக்கு நேர்ந்துவிட்டவன்.

அவரை ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு போன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்று சாமியிடம் சொன்னேன். இவர் நடந்து வீட்டுக்கு வந்தால், சித்திரைக் கொடைத் திருவிழா வரைக்கும் காலில் செருப்புப் போட மாட்டார். கொடையன்று செவலையை உனக்குக் கொடுக்கிறேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் நடந்து வந்துவிட்டார்.

வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நேந்தது நீ, நடக்கிறது நானா?" உயிரோடு வந்தவர் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் குதிகால் வலி. எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் நானே நடந்திருக்க மாட்டேனா?

மார்ச் 11, புதன்

ஒரு குஞ்சு நொண்டியது. பிடித்துப் பார்த்தால் நடு விரலில் தையல் நூல் சுற்றி இறுகிக் கிடக்கிறது. விரல் வீங்கி, நூலுக்குக் கீழே கறுத்துவிட்டது. எல்லாம் இவர் கடைத் துண்டுத் துணியால் வந்தது. கூண்டில் மெத்தென்று இருக்கட்டும் என்று கொண்டுவந்து போட்டேன். போடுவதற்கு முன்னால் நூலை உதறிப் பார்த்திருக்க வேண்டியது யார்? தைக்கிறவர்தானே.

"கடையில கெடக்கிற குப்பைக்கு நான் என்ன செய்ய? அள்ளிட்டு வந்தது நீ," என்கிறார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

சின்னக் கத்தரியால் நூலை வெட்டி எடுத்தேன். அவர் கைதான் நடுங்காமல் குஞ்சைப் பிடித்துக்கொண்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

குஞ்சின் கறுத்த விரல் காய்ந்து தானாக விழுந்துவிட்டது. குஞ்சு ஒன்றும் நடக்காததுபோல ஓடித் திரிகிறது. கறுத்துவிட்டால் அது நம்முடையது இல்லை போலிருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

ஆவுடை மைனி வந்தாள். இவருடைய அக்கா. வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பி காலைப் பார்த்தாள்.

"ஏளா வடிவு, சக்கரைக்காரன வெறுங்காலோட நடக்க விடலாமா? எங்க தெருவுல ஒருத்தருக்குக் காலையே எடுத்துட்டாவ."

"நேந்தது சாமிக்கு மைனி. மனுஷருக்கு இல்ல."

"சாமிக்கு ஒங்காலு ஆகாதோ?"

காப்பி போடப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். மைனியின் காப்பியில் பால் கொஞ்சம் குறைந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை பிறந்தது. பாயசம். அவருக்கு அரை டம்ளர்தான் கொடுத்தேன், நாளும் கிழமையும் ஆயிற்றே. மீதியை அவராக ஊற்றிக் குடித்தால் நான் என்ன செய்வேன்.

ஏப்ரல் 27, திங்கள்

செவலை வலது காலை ஊன்றவில்லை.

முதலில் சோம்பல் என்று நினைத்தேன். ஒற்றைக் காலில் நிற்கிறான், அரிசி போட்டால் மூன்றாவது ஆளாக வருகிறான். மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாதம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, ஆணி அடித்ததுபோல. தொட்டால் சுடுகிறது. அவன் முகத்தை என் முந்தானையில் புதைத்துக்கொண்டான்.

கொடைக்கு இன்னும் பதினைந்து நாள்தான். எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

இருவருமாக செவலையைக் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடை. நான் குடை பிடித்துக்கொண்டேன், அவர் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அம்மா சின்ன வயசு. செவலையின் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கிருந்து குதிக்கிறான்?" என்று கேட்டாள்.

"தண்ணித் தொட்டி மேலருந்து. அங்க நின்னுதான் கூவுவான்."

"கீழ சிமெண்டுத் தரையா? அதான். சின்னக் கீறலா இருந்திருக்கும், இல்ல முள்ளா இருந்திருக்கும். நாம பாக்காம விட்டா உள்ள சீழ் கட்டிரும். அப்பறம் எலும்புக்குப் போயிரும்." அந்தக் கறுப்பை நெம்பி எடுத்தாள். உள்ளிருந்து வேகாத மாவுருண்டைபோல ஒன்று வந்தது. மருந்து வைத்துக் கட்டினாள். தினமும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைக்க வேண்டும், மருந்து வைத்துப் புதுக் கட்டுக் கட்ட வேண்டும், மெத்தென்ற தரையில்தான் விட வேண்டும் என்று சொன்னாள். "காலைத் தினமும் தூக்கிப் பாருங்க. பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது."

சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் காலைக் குனிந்து பார்த்தாள். "நீங்க என்ன, செருப்பு இல்லாம வந்திருக்கீங்க?"

"நேத்திக்கடன்மா," என்றார் இவர். "எனக்குக் கட்டுப் போட்டுராதீங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை கிடையாது.

மே 3, ஞாயிறு

செவலைக்கு என் பழைய நூல் சேலைகளை மடித்து மடித்துப் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி ஒரு அறை செய்துவிட்டேன். காலையில் வெந்நீர், உப்பு, மருந்து, கட்டு. சாயங்காலம் ஒரு பார்வை. விரல்களுக்கு நடுவே துணியை எப்படிக் கொண்டுபோய் எப்படி முடிய வேண்டும் என்பது கை பழகிவிட்டது. தண்ணீரில் காலை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய் இருக்கிறான்.

இவர் கடைக்குக் கிளம்புகிறவர் நின்று பார்த்தார். "மாப்பிள்ளைக்கு வந்த வாழ்வப் பாரு. எனக்கும் ஒரு நா வெந்நி வச்சுக் குடேன்."

"ஒங்களுக்கென்ன, காலு கல்லுக் கணக்கா இருக்கு," என்றேன்.

செவலையை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குப் பெண் இல்லை, பையனும் இல்லை. அவருக்கு அதில் ஒரு வேடிக்கை.

மே 6, புதன்

அக்கினி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. இவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து தார் ரோட்டில் நடந்து வருகிறார். எப்போதும் துள்ளித் துள்ளி நிழல் பார்த்து வருகிறவர், இன்று நிதானமாக, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வந்தார்.

"சுடலியா?" என்று கேட்டேன்.

"இல்ல வடிவு. சுடவே இல்ல. கொஞ்ச நாளாவே சுடுததில்ல. பஞ்சு மேல நடக்கிற மாரி இருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாடசாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நம்பினவர் காலில் தார்கூடச் சுடாமல் பார்த்துக்கொள்கிற சாமி. மைனிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏளா, அவன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ," என்றாள். நல்லது எதைச் சொன்னாலும் அவளுக்குப் பொறுக்காது.

மே 8, வெள்ளி

செவலையைத் தூக்கிக்கொண்டு பூசாரி பிச்சாண்டியைப் பார்க்கப் போனேன். கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"யக்கா, பழுதுள்ளது ஆகாது. சாமி முன்னால நிறுத்தப்படாது."

"கொடைக்குள்ள ஆறிரும்."

"ஆறாது. ஒண்ணு செய்யுங்க. வேற சேவல் ஒண்ணு வாங்கிக் குடுங்க. சாமி ஒண்ணும் சொல்லாது. மனசுதான கணக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூசாரியே இப்படிப் பேசினால் யாரிடம் போய்ச் சொல்வது? செவலையை என்றுதான் சொன்னேன். சந்தையில் தொங்குகிற ஏதோ ஒரு சேவலை என்று சொல்லவில்லை. சொன்ன சேவல் சொன்ன சேவல்தான்.

"அப்போ ஆடி கடைசி வெள்ளி பூசைக்குக் கொண்டாங்க," என்றார். "அண்ணாச்சியச் செருப்பப் போடச் சொல்லுங்க. அவுக கடன் கொடையோட தீந்துது."

அவருக்கு என்ன தெரியும்? நேர்ந்தது நான். செருப்பும் சேவலும் ஒரே வாயால் சொன்னது. ஒன்றை முடித்து ஒன்றைத் தொங்கவிட முடியுமா?

மே 12, செவ்வாய்

கொடை. மேளம் இங்கே வரைக்கும் கேட்டது. நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். எல்லோரும் சேவலோடு வந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது அவர் கேட்டார், "அப்போ இனி செருப்புப் போடலாமில்ல?"

"செவலையக் குடுக்கிற வரைக்கும் பொறுங்க."

"அது ஆடியில்ல?"

"பாதியில விட்டுட்டு, மறுபடியும் நெஞ்சப் புடிச்சிட்டா?" என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். வழியெல்லாம் என் செருப்புச் சத்தம்தான் கேட்டுக்கொண்டு வந்தது.

மே 21, வியாழன்

இன்று மத்தியானம் சாப்பாட்டை நானே கடைக்குக் கொண்டுபோனேன். இவர் தைத்த சட்டைகளைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கக் கொடுக்கப் போயிருந்தார். தையல் மிஷினுக்கு அடியில் தூக்குவாளியை வைக்கக் குனிந்தால், கால்மிதிக்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு. புதுசு. நீல வார், மெத்தென்ற அடி. சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிறது.

வந்தார். என் கையில் செருப்பைப் பார்த்தார்.

"அக்கா வாங்கிக் குடுத்தா. கடைக்குள்ள மட்டுந்தான் போடுதேன் வடிவு. தரையெல்லாம் ஊசியும் குண்டூசியுமாக் கெடக்குல்லா."

"சாமிக்குக் கடை தெரியாதா?"

"கால்மிதி இரும்பு. மிதிக்க மிதிக்க..."

"எத்தன நாளா?"

அவர் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சேவல் கால் ஏன் ஆற மாட்டேன் என்கிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒருவர் மறைவாகச் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி ஆறும்?

திரும்பி வரும் வழியில் பழைய பிளாஸ்டிக் எடுக்கிற வண்டி நின்றது. போட்டுவிட்டேன். கால் கிலோ பூண்டு கொடுத்தான். புதுச் செருப்பு என்று சொல்லிக் கூட ஒரு பிடி வாங்கினேன்.

மே 22, வெள்ளி

பூண்டுக் குழம்பு. அவர் இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். ஏது பூண்டு என்று கேட்கவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

செருப்பு போனதும் கால் ஆறத் தொடங்கியதா இல்லையா? இன்று கட்டைப் பிரித்தால் வீக்கம் வடிந்து, குழிக்குள் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப்பார்க்கிறது. டாக்டர் அம்மாவிடம் காட்டினேன். "இவ்வளவு சுத்தமா யாரும் பாக்க மாட்டாங்க. பாதிப் பேரு அறுத்துக் கொழம்பு வச்சிருவாங்க," என்றாள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "ஆமாமா, நீ நல்லாத்தான் பாப்ப," என்றார்.

இவர் இப்போதெல்லாம் சாயங்காலமே களைத்துப்போய் வருகிறார். வந்ததும் படுக்கை. வயசாகிறது.

ஜூன் 9, செவ்வாய்

வீட்டில் ஒரு வாடை. எலி செத்த வாடைபோல. செவலையின் காலைத்தான் முதலில் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, மருந்து மணம்தான் அடிக்கிறது. அரிசிப் பானைக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டேன். எலி இல்லை.

ஜூன் 11, வியாழன்

வாடை போகவில்லை. ஓமம் போட்டுப் புகை காட்டினேன். கட்டில் பக்கம்தான் அதிகம். ஓட்டுக்கு மேலே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். "குளிருது வடிவு, நாளைக்குப் பாக்கேன்," என்றார். ஜூன் மாத வெக்கையில் குளிராம்.

ஜூன் 13, சனி

காலையில் கட்டில் விரிப்பைச் சரிசெய்யும்போது கால்மாட்டில் மஞ்சளாகக் கறை.

அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால். கட்டைவிரலுக்குக் கீழே அடிப்பாதத்தில் ஒரு குழி, சுற்றிலும் வீக்கம், நடுவில் கறுப்பு. எனக்கு அந்தக் கறுப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். தினமும் பார்த்ததுதானே. இது செவலையுடையதைவிடப் பெரிசு. கட்டைவிரலும் பக்கத்து விரலும் நிறம் மாறியிருந்தன.

"வலிக்கலியா?" என்று கத்திவிட்டேன்.

"இல்லியே," என்றார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "என்ன இருக்கு அங்க?"

உப்புப் போட்டு வெந்நீர் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் போன் போட்டிருக்கிறார், மைனி ஆட்டோவோடு வந்துவிட்டாள். வெந்நீர் அடுப்படியிலேயே ஆறிப்போய்க் கிடந்தது.

ஜூன் 14, ஞாயிறு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி

எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார்கள். பாதத்து எலும்புகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. ஒடிந்த தையல் ஊசி. மிஷின் ஊசி.

"இது உள்ள போனது உங்களுக்குத் தெரியவே இல்லையா?" டாக்டர் அவரைக் கேட்டார்.

"தெரியல சார்."

"சர்க்கரைனால காலு மரத்துப்போயிருக்கு. சூடு தெரியாது, குத்தினா தெரியாது. எத்தனை நாளா இப்படி?"

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. "கொஞ்ச நாளா சார்."

"ஊசி ஏறி மூணு வாரம் இருக்கலாம். ஏன் செருப்பு போடல?"

நான் சொல்ல வாயெடுத்தேன். எடுக்கவில்லை என்றும் சொல்லலாம். அதற்குள் அவர், "எனக்குச் செருப்பு புடிக்காது சார்," என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும். டைரியைப் பின்னால் புரட்டவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல், அடுத்தது. எடுக்காவிட்டால் பாதம் போகுமாம், பாதம் போனால் முழங்கால் வரை போகுமாம். கையெழுத்து நான்தான் போட்டேன். கோழிக்குஞ்சுக்குத் தானாக விழுந்தது. மனுஷருக்கு வெட்ட வேண்டியிருக்கிறது.

வராந்தாவில் மைனி என்னைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், அவள் பார்க்கவில்லை.

"அந்தச் சேவக் காலத் தூக்கித் தூக்கிப் பாத்தியேளா. எந்தம்பி கால ஒரு நா பாத்தியா? நான் வாங்கிக் குடுத்த செருப்பு எங்க?"

"தொலஞ்சு போச்சு," என்றேன்.

"அவனும் அதான் சொன்னான்," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே மாரி சொல்லுதிய."

அவளுக்கு நரம்பில்லாத நாக்கு. நான் அழவில்லை. அவள் முன்னால் அழ மாட்டேன்.

ஜூன் 25, வியாழன்

கட்டு மாற்றும்போது என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வீட்டில் நான்தான் செய்ய வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். துணியை இப்படிச் சுற்றணும், ரொம்ப இறுக்கக் கூடாது, விரலுக்கு நடுவுல ஈரம் நிக்கக் கூடாது, தினமும் பாதத்தைத் தூக்கிப் பாக்கணும். நான் செய்து காட்டினேன்.

"அட, பழக்கம் இருக்கா?" என்றாள்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "இருக்கு சிஸ்டர்," என்றார். "நல்ல பழக்கம்."

ஜூலை 9, வியாழன்

வீடு. அவருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு செருப்புக் கொடுத்தார்கள். முன்னால் பஞ்சு வைத்து அடைத்தது. கட்டிலிலிருந்து இறங்கினால்கூட அதைப் போடாமல் நடக்கக் கூடாதாம்.

கடை பூட்டிக் கிடக்கிறது. மிஷினுக்கு மோட்டார் போட்டால் கால் வேண்டாம் என்று மைனி சொல்கிறாள். அவர் ஆகட்டும் என்கிறார். எதற்கும் ஆகட்டும் என்கிறார். செவலை தொட்டிமேல் ஏறி நின்று கூவினான். முன்பெல்லாம் "வாங்க மாப்பிள்ள" என்று குரல் கொடுப்பார். இன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசாமல் இருந்தது கிடையாது. இப்போதும் பேசாமல் இல்லை. தண்ணி குடு, விளக்கப் போடு, விளக்க அணை. அவ்வளவு பேசுகிறார். எனக்கு அது தாங்கவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி.

காலையில் செவலையைக் குளிப்பாட்டினேன். காலை மட்டும் தனியாகக் கழுவினேன். அவரைக் கிளம்பச் சொன்னேன். "வாசல்ல ஆட்டோ நிக்கும், சன்னதி வரைக்கும் செருப்போடயே வரலாம், நான் பூசாரிட்டச் சொல்லிக்கிடுதேன்."

"நான் எதுக்கு?" என்றார். "பழுதுள்ளது ஆகாதுன்னுல்ல சொன்னாவ."

சிரித்துக்கொண்டே சொன்னதுபோலத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

நான் மட்டும் போனேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினேன். மணலில் நடந்தேன். குதிகால் வலிக்கும் என்று பார்த்தேன், வலிக்கவில்லை. பிச்சாண்டி செவலையை வாங்கி, சிறகை விரித்துப் பார்த்து, அலகைப் பார்த்து, கடைசியில் வலது காலைத் திருப்பினார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பெருவிரலால் அடிப்பாதத்தை அழுத்தினார்.

"ஒரு கொறையும் இல்ல யக்கா. தழும்புகூடத் தெரியல. சாமி ஏத்துக்கிடும்."

செவலை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் மாடசாமியைப் பார்த்தேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தேன். பிரசாதம், வீணாக்கக் கூடாது. விரலோடு இருக்கிற கால் இரண்டையும் போடாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கோழிக்கால் என்றால் அவருக்கு உயிர், எலும்பையும் விடாமல் கடிப்பார். எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? போட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். குழம்பைக் கிளறி ஒரு காலை எடுத்தார். திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்ததை எடுத்தார். மசாலாவைப் பெருவிரலால் வழித்துவிட்டு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார். கடையில் துணியைப் பிடித்துப் பார்ப்பாரே, கிழிசலை மூடின தையல் தெரிகிறதா என்று, அந்தப் பார்வை. நான் எதிரில் தரையில் என் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"கிழிஞ்ச எடமே தெரியல வடிவு," என்றார். "அவ்வளவு நல்லாப் பாத்திருக்க."

அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. ஊரைக் கூட்டிச் செருப்பு எங்கே என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை. குனிந்து, அந்தக் காலை என் தட்டில் வைத்தார்.

"நீ பாத்த காலு. நீயே சாப்புடு."

கையைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். நான் சோறு காயும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 15, சனி

விரலைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

காலைச் சர்க்கரை 231. இடது பாதம் பார்த்தேன், புண் இல்லை. வலது பாதத்தை நான் தொடக் கூடாது என்கிறார். மைனி வந்து பார்ப்பாளாம்.